ஒரு லட்சம் ஆண்டுக் காவல்

கடல் ஊருக்குள் புகுந்த கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். கடல் ஊரை விட்டு விலகிப் போன கதையைக் கேட்டதுண்டா?

ஐரோப்பாக் கண்டத்தின் வடக்கே ஸ்வீடன் என்று ஒரு நாடு உள்ளது. அதன் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால் பால்டிக் கடலின் கரையில் ஓஸ்தம்மர் என்ற ஊர் வரும். கடல் விலகிப் போன ஊர் அதுதான்.

ஓஸ்தம்மர் என்பது ஊரின் பெயர். அதைச் சுற்றியுள்ள நகராட்சியின் பெயரும் அதுவே. ஸ்வீடனில் 290 நகராட்சிகள் உள்ளன. அங்கே நகராட்சி என்றால் நகரம் மட்டும் அல்ல. பட்டணம், கிராமம், காடு, வயல், தீவு எல்லாம் ஒரே நகராட்சிக்குள் அடங்கும். ஓஸ்தம்மர் நகராட்சியின் நிலப்பரப்பு சுமார் 1,450 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய இடத்தில் வாழ்பவர்கள் சுமார் 22,000 பேர்தான். பள்ளிக்கூடம், குடிதண்ணீர், முதியோர் பராமரிப்பு, எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற அனுமதி எல்லாம் நகராட்சி மன்றத்தின் பொறுப்பு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து இந்த மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தச் சின்ன மன்றம் 2020ஆம் ஆண்டில் ஒரு முடிவு எடுத்தது. அந்த முடிவின் பலன் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு நீடிக்கும். அது என்ன முடிவு? அதைத் தெரிந்துகொள்ளும் முன் ஊரைத் தெரிந்துகொள்வோம்.

நிலம் எழும்புகிறது

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்வீடன் முழுவதும் பனிக்கட்டியால் மூடியிருந்தது. அந்தப் பனிக்கட்டி சில இடங்களில் 3 கிலோமீட்டர் வரை கனமாக இருந்தது. அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியாமல் தரை கீழே அமுங்கியது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிவிட்டது. பாரம் போனதும் தரை மெல்ல மெல்ல மேலே வரத் தொடங்கியது.

இலவம்பஞ்சு மெத்தையில் ஒருவர் படுத்திருந்து எழுந்தால் என்ன ஆகும்? அமுங்கிய இடம் உடனே மேலே வராது. கொஞ்சம் கொஞ்சமாக உப்பி எழும். அதே போல்தான் இதுவும். வேறுபாடு ஒன்றுதான். இந்த மெத்தை எழுந்திருக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன.

ஓஸ்தம்மர் பகுதியில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் உயர்கிறது. ஓர் அரிசியின் நீளம் அவ்வளவுதான். ஆனால் நூறு ஆண்டுகளில் அது 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி. ஐந்நூறு ஆண்டுகளில் பத்து அடி! இப்போது உலகெங்கும் கடல் மட்டம் உயர்ந்து வருவதால், இங்கே கடல் விலகும் வேகம் முன்பைவிடக் குறைந்திருக்கிறது.

ஓஸ்தம்மர் ஒரு துறைமுக ஊராகத்தான் தொடங்கியது. கப்பல்கள் வந்து போயின. நிலம் உயர உயரத் துறைமுகத்தில் தண்ணீர் குறைந்தது. தாத்தா காலத்தில் கப்பல் நின்ற இடத்தில் பேரன் காலத்தில் படகுகூடத் தரை தட்டியது. வணிகர்கள் என்ன செய்வார்கள்? ஆழமான தண்ணீரைத் தேடிப் போனார்கள். 1491இல் ஓஸ்தம்மர் மக்களில் ஒரு பகுதியினர் வெளிக்கடலோரமாக ஒரு புதிய துறைமுக ஊரை அமைத்தார்கள். அதன் பெயர் ஓரேகுருண்ட். பழைய ஓஸ்தம்மரும் பின்னர் தன் முதல் இடத்தை விட்டு, தண்ணீர் இருந்த பக்கமாக நகர்ந்து குடியேறியது.

தாயும் மகளும் போல இருந்த இந்த இரண்டு ஊர்களும் 1719இல் ஒரே கோடையில் எரிந்தன. அப்போது ஸ்வீடனுக்கும் ருஷ்யாவுக்கும் போர் நடந்தது. ருஷ்யக் கப்பற்படை ஸ்வீடனின் கிழக்குக் கரை நெடுகத் தீ வைத்துக்கொண்டே போனது. வீடுகள் எல்லாம் மரவீடுகள். எவ்வளவு நேரம் தாங்கும்? மக்கள் மீண்டும் கட்டிக்கொண்டார்கள்.

இன்று ஓரேகுருண்ட் சுமார் 1,600 பேர் வாழும் சிற்றூர். கல் பாவிய சந்துகள், வண்ணம் பூசிய பழைய மரவீடுகள், படகுத்துறை. கிழக்குக் கரையில் இருந்தாலும் இந்த ஊரின் முகம் மேற்கே ஒரு வளைகுடாவைப் பார்த்து இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம். கிழக்குக் கரை ஊருக்கு இது அபூர்வம். கோடையில் பட்டணத்து மக்கள் இதற்காகவே வந்து கூடுவார்கள். ஜூன் மாதத்தில் பகல் சுமார் 19 மணி நேரம். டிசம்பரிலோ பகல் 6 மணி நேரம்கூட இல்லை. அப்போது ஊர் வெறிச்சோடிக் கிடக்கும்.

எதிரே கிரேசோ என்ற நீளமான தீவு. அரசு நடத்தும் மஞ்சள் நிறப் படகு மனிதர்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் அக்கரை சேர்க்கிறது. கட்டணம் கிடையாது. அந்தப் படகையும் சாலையின் ஒரு துண்டாகவே அரசு கணக்கிடுகிறது.

பால்டிக் கடலின் தண்ணீர் அவ்வளவாக உப்புக் கரிக்காது. ஆறுகளின் நன்னீர் நிறையக் கலப்பதால் இந்தப் பகுதியில் பெருங்கடலின் உப்பில் ஆறில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். ஆகவே கடல்மீனும் ஏரிமீனும் ஒரே வலையில் விழும். சிறிய வகை ஹெர்ரிங் மீன்தான் இங்கே மீனவர்களின் பழைய பிழைப்பு. இன்று மீன்பிடித்து மட்டும் வாழ்பவர்கள் மிகச் சிலரே.

காட்டுக்குள் இரும்பு

கரையிலிருந்து உள்ளே போனால் டன்னேமோரா என்ற இடம். அங்கே 15ஆம் நூற்றாண்டிலேயே சுரங்கம் இருந்தது. அங்கு கிடைத்த இரும்புத் தாது மிகத் தரமானது. இரும்பில் பாஸ்பரஸ் கூடினால் அது எளிதில் உடையும். டன்னேமோராத் தாதுவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு.

17ஆம் நூற்றாண்டில் லூயி டி கீர் என்ற வணிகர், இன்றைய பெல்ஜியம் நாட்டுப் பகுதியிலிருந்து வல்லூன் இனத்துக் கொல்லர்களை இங்கே வரவழைத்தார். அவர்கள் கரி அடுப்பில் வார்ப்பிரும்பை உருக்கி, தண்ணீர்ச் சக்கரத்தால் இயங்கும் பெரிய சம்மட்டியால் அடித்துக் கம்பிகளாக நீட்டினார்கள். ஓஸ்டர்பீபுரூக், யீமோ, ஃபோர்ஸ்மார்க் என்று காட்டுக்குள் ஒவ்வோர் ஆற்றின் அருகிலும் ஓர் இரும்பு ஊர் எழுந்தது. ஒரே நேர்த்தெரு. இருபுறமும் தொழிலாளர் வீடுகள். தெருமுனையில் மாதாகோயில். மறுமுனையில் முதலாளியின் மாளிகை. வீடு, தானியம், பள்ளி எல்லாம் முதலாளி கொடுப்பதுதான்.

இந்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. ஷெஃபீல்டு நகரத்தார் கத்தியும் அரமும் செய்ய இதைத்தான் விரும்பி வாங்கினார்கள். துறைமுகத்தின் பெயரை வைத்து 'ஓரேகுருண்ட் இரும்பு' என்றே அழைத்தார்கள். எங்கோ ஒரு சின்ன ஊரின் பெயர் இப்படி அயல்நாட்டுச் சந்தையில் தரத்துக்கு அடையாளமானது.

டன்னேமோராச் சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்க 1728இல் மார்டின் டிரீவால்ட் என்பவர் ஒரு நீராவி எந்திரத்தை நிறுவினார். ஸ்வீடனின் முதல் நீராவி எந்திரம் அது. ஆனால் அடிக்கடி பழுதாகி நின்றுபோனது. மறுபடியும் பழைய முறையில்தான் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது.

சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. 2012இல் திறந்தார்கள். 2015இல் மறுபடியும் மூடினார்கள். ஓஸ்டர்பீபுரூக்கில் மட்டும் அந்தப் பழைய வல்லூன் கொல்லுப்பட்டறை அப்படியே காப்பாற்றி வைக்கப்பட்டுள்ளது. யீமோவில் உலோகம் வெட்டும் கருவிகள் செய்யும் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. அதை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன.

இரும்புக்குப் பின் மின்சாரம்

ஃபோர்ஸ்மார்க்கில் இரும்புத் தொழில் நின்றது. 1970களில் அதன் கடற்கரையில் வேறொரு வேலை தொடங்கியது. அணுமின் நிலையம் கட்டும் வேலை.

அணுமின்சாரம் எப்படிக் கிடைக்கிறது? யுரேனியம் என்ற கனமான உலோகத்தின் அணுக்கள் பிளக்கும்போது வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவி ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். ஃபோர்ஸ்மார்க்கில் மூன்று உலைகள். 1980, 1981, 1985 ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாக இயங்கத் தொடங்கின. ஸ்வீடன் நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இங்கிருந்து கிடைக்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்கிறார்கள்.

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் காலை. நிலைய ஊழியர் ஒருவர் கதிர்வீச்சைச் சோதிக்கும் வாயிலைக் கடந்தார். எச்சரிக்கை மணி அடித்தது. அவருடைய காலணியில் கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தது. உலையின் பக்கம் போய்விட்டு வெளியே வருபவரிடம் தூசி இருந்தால் காரணம் புரியும். இவரோ இன்னும் உலையின் பக்கமே போகவில்லை. அப்படியானால் தூசி எங்கிருந்து வந்தது?

ஃபோர்ஸ்மார்க் உலையில்தான் கசிவு என்று முதலில் பயந்தார்கள். பெரும்பாலான ஊழியர்களை வெளியேற்றினார்கள். பிறகு நாட்டின் மற்ற இடங்களிலும் இதே தூசி இருப்பது தெரிந்தது. காற்று வீசிய திசையைக் கணக்கிட்டார்கள். கை தென்கிழக்கைக் காட்டியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அன்றைய சோவியத் நாட்டின் செர்னோபிலில் ஏப்ரல் 26ஆம் தேதியே ஓர் அணு உலை வெடித்திருந்தது. சோவியத் அரசு அதை வெளியே சொல்லவில்லை. ஸ்வீடன் கேட்ட பிறகு, 28ஆம் தேதி மாலைதான் ஒப்புக்கொண்டது. ஒரு தொழிலாளியின் காலணி அந்த ரகசியத்தை உடைத்தது.

அந்த நாட்களில் மழை பெய்த இடங்களில் தூசி அதிகமாகத் தரையில் இறங்கியது. ஓஸ்தம்மருக்கு வடக்கே கேவ்லே பகுதியில் அது மிக அதிகம். பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அங்கே காட்டுப்பன்றி இறைச்சியைச் சோதித்துப் பார்த்துத்தான் உண்கிறார்கள்.

சொந்த உலையிலும் ஒருமுறை பயம் வந்தது. 2006 ஜூலை 25இல் மின் இணைப்பில் ஏற்பட்ட கோளாறால் ஃபோர்ஸ்மார்க்கின் முதல் உலை நின்றது. அவசரத்துக்கு என்று நான்கு டீசல் எந்திரங்கள் வைத்திருந்தார்கள். அவற்றில் இரண்டு தாமாக ஓடத் தொடங்கவில்லை. மற்ற இரண்டும் ஓடியதால் ஆபத்து இல்லாமல் முடிந்தது. என்றாலும் நாடு முழுவதும் இது பெரிய விவாதமானது.

சாம்பல் இல்லாத அடுப்பு உண்டா?

விறகு அடுப்பில் சாம்பல் மிஞ்சும். அணு உலையிலும் கழிவு மிஞ்சும். சாம்பலை எருக்குழியில் கொட்டலாம். அணுக் கழிவை அப்படிக் கொட்ட முடியாது.

எரிந்து முடிந்த யுரேனியக் கோல்கள் கண்ணால் காண முடியாத கதிர்களை வீசிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நின்றால் சிறிது நேரத்தில் உயிர் போய்விடும். அதில் உள்ள புளுட்டோனியம் என்ற பொருளின் வேகம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். கழிவு முழுவதும் பயமற்றதாக ஆகச் சுமார் ஒரு லட்சம் ஆண்டுகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் நாலாயிரம் தலைமுறைகள்!

ஸ்வீடன் தன் கழிவுக் கோல்களை 1985 முதல் தெற்கே ஒஸ்கார்ஷாம் என்ற மற்றொரு கடலோர நகராட்சியில் வைத்திருக்கிறது. அங்கே பாறைக்கு அடியில் ஆழமான தண்ணீர்த் தொட்டிகள் உள்ளன. கோல்கள் அந்தத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்து சூடு தணிகின்றன. ஆனால் தொட்டிக்கு ஆள் வேண்டும், மின்சாரம் வேண்டும், காவல் வேண்டும். நாலாயிரம் தலைமுறைக்கும் இவை எல்லாம் தவறாமல் கிடைக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? போர் வரலாம். அரசு மாறலாம். மொழியே மறந்து போகலாம்.

அதனால் ஆள் இல்லாமலே காவல் காக்கும் ஒரு வழியை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் தேடினார்கள். அவர்கள் கண்ட வழியில் மூன்று காவலர்கள்: செம்பு, களிமண், பாறை.

கழிவுக் கோல்களை முதலில் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் வைக்கிறார்கள். அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் கனமுள்ள செப்பு உறை. இப்படி அமையும் ஒவ்வொரு கலமும் சுமார் 5 மீட்டர் நீளம், 25 டன் எடை. அதைப் பூமிக்குள் 500 மீட்டர் ஆழத்தில், பாறையில் குடைந்த குழிக்குள் இறக்குவார்கள். 20 மீட்டர் உயரத் தென்னை மரங்கள் 25ஐ ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் அந்த ஆழம் வரும். கலத்தைச் சுற்றி பென்டோனைட் என்ற களிமண்ணை அடைப்பார்கள். ஈரம் பட்டதும் இந்தக் களிமண் உப்பி, இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். கடைசியில் சுரங்கப் பாதையையும் களிமண்ணால் நிரப்பி மூடிவிடுவார்கள். இப்படி 6,000 கலங்கள். அவற்றுள் 12,000 டன் கழிவு.

எங்கே புதைப்பது?

கழிவு எல்லோருடையதும்தான். மின்விளக்கு எல்லா வீட்டிலும் எரிகிறது. ஆனால் தன் ஊரில் புதைக்கச் சொல்வார் யார்?

தொடக்கத்தில் நிறுவனத்தின் ஆட்கள் துளையிடும் எந்திரங்களோடு நேராக ஊர்களுக்குப் போனார்கள். அது சண்டையில் முடிந்தது. மேற்கு ஸ்வீடனில் கின்னேஃபெல் என்ற குன்றுப் பகுதி உள்ளது. அங்கே மக்கள் 1980இல் ஒரு குடிசை போட்டு, முறை வைத்துக் காவல் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வரை, இருபது ஆண்டுகள் அந்தக் காவல் நடந்தது. துளையிட வந்தவர்களால் உள்ளே போக முடியவே இல்லை.

பிறகு நிறுவனம் பாடம் கற்றுக்கொண்டது. 1990களில் நகராட்சிகளைக் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு ஆய்வு செய்தது. வடக்கே ஸ்டூருமான் நகராட்சியில் 1995இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றார்கள். மாலோ நகராட்சியில் 1997இல் கேட்டார்கள். அங்கும் வேண்டாம் என்றார்கள். ஓஸ்தம்மருக்குப் பக்கத்து நகராட்சியான டியெர்ப் 2002இல் மறுத்தது. நிறுவனம் ஒவ்வோர் இடத்திலும் பின்வாங்கியது.

சம்மதித்தவை ஓஸ்தம்மரும் ஒஸ்கார்ஷாமும். இரண்டு இடங்களிலும் அணுமின் நிலையம் ஏற்கனவே இருக்கிறது. மக்களுக்கு அதனோடு பழக்கம் உண்டு. 2002 முதல் 2007 வரை இரண்டு இடங்களிலும் ஆழத் துளையிட்டுப் பாறையைச் சோதித்தார்கள். ஃபோர்ஸ்மார்க் பாறை சுமார் 190 கோடி ஆண்டு பழமையானது. ஆழத்தில் வெடிப்புகள் மிகக் குறைவு. தண்ணீர்க் கசிவும் குறைவு. 2009 ஜூன் மாதத்தில் நிறுவனம் ஃபோர்ஸ்மார்க்கைத் தேர்ந்தெடுத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆண்டில், மின் நிறுவனங்கள் இந்த இரண்டு நகராட்சிகளின் வளர்ச்சிக்காக 200 கோடி குரோனர் வரை செலவிட ஒப்பந்தம் செய்தன. குரோனர் என்பது ஸ்வீடன் நாட்டுப் பணம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓஸ்தம்மருக்கு அதில் கால் பங்கு. தேர்ந்தெடுக்கப்படாத ஒஸ்கார்ஷாமுக்கு முக்கால் பங்கு! கிடங்கு வந்தால் ஓஸ்தம்மருக்கு வேலையும் வருமானமும் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பணத்துக்காக ஊர் விலை போனது என்ற பேச்சுக்கும் இதனால் இடம் குறைந்தது.

செப்புக் குடத்தின் கேள்வி

வீட்டில் செப்புக் குடம் இருந்தால் தெரியும். சில நாள் விட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்தால்தான் பளபளக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன்தான் செம்பைக் கெடுக்கும் முக்கியக் காரணம்.

500 மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை. ஆகவே அங்கே செம்பு கெடாது என்றது நிறுவனம். ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்தார்கள். ஆக்சிஜன் இல்லாத சுத்தமான தண்ணீரிலும் செம்பு அரிக்கிறது என்று தங்கள் சோதனைகளைக் காட்டினார்கள். மற்ற ஆய்வாளர்கள் அதே சோதனையைச் செய்து, அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2011இல் நிறுவனம் அனுமதிக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பத்தை இரண்டு அமைப்புகள் ஆராய்ந்தன. ஒன்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம். மற்றொன்று சுற்றுச்சூழல் நீதிமன்றம். 2018 ஜனவரி 23இல் இரண்டும் தங்கள் கருத்தை அரசிடம் தந்தன. ஆணையம் 'சரி' என்றது. நீதிமன்றமோ, செப்புக் கலம் பற்றிய சந்தேகம் தீரும் வரை அனுமதிக்கக் கூடாது என்றது.

ஓஸ்தம்மரில் அந்த மார்ச் மாதம் மக்கள் வாக்கெடுப்பு நடத்த ஏற்பாடாகி இருந்தது. நீதிமன்றத்தின் கருத்து வந்ததும் அதைக் கைவிட்டார்கள். கேள்விக்கே விடை தெரியாதபோது மக்களிடம் எதைக் கேட்பது என்ற நிலை. நிறுவனம் கூடுதல் ஆய்வுகளைச் செய்து 2019இல் புதிய விளக்கம் கொடுத்தது. பாதுகாப்பு ஆணையம் அதைப் போதுமானது என்று ஏற்றுக்கொண்டது. வாக்கெடுப்பு பிறகும் நடக்கவில்லை. பெரிய கேள்வியை மக்களிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும் என்று வருந்துகிறவர்கள் அங்கே இன்றும் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை

ஸ்வீடன் சட்டத்தில் ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட கிடங்கை அரசு அனுமதிக்க வேண்டுமானால், அந்த இடத்து நகராட்சி மன்றமும் சம்மதிக்க வேண்டும். வேறு எங்குமே தகுந்த இடம் இல்லை, நாட்டுக்கு மிக அவசியம் என்ற நிலையில் மட்டும் அரசு அதை மீறலாம். மற்றபடி 22,000 பேர் வாழும் நகராட்சி, ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லலாம்.

உரிமை இருந்தால் போதுமா? விஷயம் புரிய வேண்டும். கிராமத்து விவசாயியும் பள்ளி ஆசிரியரும் மன்ற உறுப்பினராக இருப்பார்கள். பாறையும் கதிர்வீச்சும் அவர்களுக்கு எப்படிப் புரியும்? அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அணுமின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின் நிறுவனங்கள் ஒரு தொகையைத் தனி நிதியில் செலுத்துகின்றன. அந்த நிதியிலிருந்து நகராட்சிக்குப் பணம் வந்தது. அதைக் கொண்டு நகராட்சி தனக்கென்று நிபுணர்களை அமர்த்தியது. பொதுக்கூட்டம் நடத்தியது. பக்கத்து நகராட்சிகளையும் அழைத்துப் பேசியது. எதிர்ப்புத் தெரிவித்த சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் அந்த நிதியிலிருந்தே பல ஆண்டுகள் உதவி கிடைத்தது. கேள்வி கேட்பவருக்குக் கேள்வி கேட்கப் பணம்! எளிதில் கேள்விப்படாத ஏற்பாடு இது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசினார்கள். கழிவு ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் தலையில் அதைச் சுமத்தலாமா என்று ஒரு பக்கம் கேட்டார்கள். செம்பைப் பற்றித் தெளியாமல் ஏன் அவசரம் என்று மறுபக்கம் கேட்டார்கள்.

2020 அக்டோபர் 13இல் மன்றம் கூடியது. சம்மதம் என்று 38 வாக்குகள். வேண்டாம் என்று 7 வாக்குகள். கலங்களைத் தயாரிக்கும் ஆலைக்கு ஒஸ்கார்ஷாம் மன்றம் 2018லேயே சம்மதித்திருந்தது. 2022 ஜனவரி 27இல் ஸ்வீடன் அரசு அனுமதி தந்தது. 2024இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் நிபந்தனைகளோடு உரிமம் வழங்கியது. 2025 ஜனவரியில் ஃபோர்ஸ்மார்க்கில் வேலை தொடங்கியது. கடலுக்கு அக்கரையில் உள்ள பின்லாந்து, இதே முறையில் இதைவிட முன்பே கிடங்கு கட்டத் தொடங்கிவிட்டது.

தவளைக்கும் ஒரு குளம்

நிலம் உயரும்போது கடலின் சிறு பள்ளங்கள் கரையில் தனியே பிரிந்து குளங்களாகின்றன. ஃபோர்ஸ்மார்க் கரையில் இப்படிப் பல குளங்கள். அவற்றில் ஸ்வீடனில் அரிதான ஒரு தவளை இனம் வாழ்கிறது. கிடங்கின் வேலையால் சில குளங்கள் கெட்டுவிடும். அதனால் தோண்டத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நிறுவனம் பக்கத்தில் புதிய குளங்களை வெட்டியது. தவளைகள் தாமாகவே அவற்றில் குடியேறின.

அதே கரையில் 1988 முதல் வேறொரு கிடங்கும் இயங்கி வருகிறது. உலையில் பயன்படுத்திய கையுறை, வடிகட்டி, கருவி போன்ற, வீரியம் குறைந்த கழிவுகள் அங்கே போகின்றன. அது கடலின் அடித்தரைக்கும் கீழே சுமார் 50 மீட்டர் ஆழத்தில், பாறைக்குள் இருக்கிறது. அதன் மேலே இன்று ஆழமில்லாத கடல். நிலம் இப்படியே உயர்ந்துகொண்டு போனால், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடம் கரையாகிவிடும். கிடங்குக்கு மேலே மரம் முளைக்கும். மனிதர் கிணறு தோண்டவும் வரலாம். அதையும் கணக்கில் வைத்துத்தான் பாதுகாப்பு ஆய்வை எழுதியிருக்கிறார்கள்.

புதிய கிடங்கில் முதல் செப்புக் கலம் 2030களில் இறங்கும் என்று திட்டம். கடைசிக் கலம் இறங்க 2080கள் ஆகும். இன்று யீமோவிலும் அலுண்டாவிலும் முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள், அப்போது அறுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். பாதை மூடப்படும்போது அந்த மன்றத்தில் உட்கார்ந்திருக்கப் போவது அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.